கருத்தப்பாண்டிக்கு நாறாத பூ

பலகையில் மூன்று மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்: பாலைவனப் பள்ளத்தாக்கு நடை. பக்கத்தில் சிமெண்டில் ஒரு ஒட்டகம். இடுக்கி ஜில்லாவில் ஒட்டகத்தை எவன் பார்த்தான்? அதன் மூக்குத் துவாரத்தில் யாரோ சிகரெட்டைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு முன்னால்தான் நான் தினமும் ஜீப்பை நிறுத்தி ஆள் இறக்குகிறேன். இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அது பாலைவனமெல்லாம் கிடையாது. மேற்கு மலை மழையை வாங்கிக்கொள்கிறது, கிழக்குச் சரிவுக்குச் சிந்தினதுதான். மறையூரைத் தாண்டி சின்னாறு பக்கம் இறங்குகிற வழியில், இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே தண்ணீர் இல்லாத ஓர் ஓடை. எங்கள் ஆட்கள் வறட்டு இடுக்கு என்பார்கள். மூணாறில் ஆள் ஸ்வெட்டருக்குள் நடுங்குகிற அன்றைக்கே இங்கே கல் காலைச் சுடும். ரிசார்ட்டுக்காரர்கள் இடத்தை வாங்கியதும் வறட்டு இடுக்கு பாலைவனம் ஆகிவிட்டது.

இந்த இடுக்கில் இரண்டு வருடம் ஆட்களைக் கூட்டிப்போன கருத்தப்பாண்டி அண்ணனைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அவரும் நானும் பீர்மேட்டில் ஒரே எஸ்டேட். எனக்கு ஜீப் கிடைத்தது, அவருக்கு மருந்துப் பம்பு கிடைத்தது. இருபத்திரண்டு வயதில் முதுகில் மாட்டியவர் இருபத்தாறு வருடம் இறக்கவில்லை. தேயிலையைத் தவிர பச்சையாக எது தலை நீட்டினாலும் சாகடிக்க வேண்டும். செடிக்கு நடுவே மண் வெறுமையாகத் தெரிந்தால் நல்ல வேலைக்காரன், ஒரு புல் தெரிந்தால் கங்காணி வாயில் விழ வேண்டும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பன்னிரண்டு பேர் அந்தக் கூட்டத்தில்.

மூக்குப் போனது அவருக்கே தெரியாது. ஒருநாள் அடுப்பில் கருவாடு தீய்ந்து லயத்து வரிசை வீடுகள் முழுக்க நாறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தால், இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் சம்சாரம் முத்துப்பேச்சி அக்கா விளக்குமாற்றை எடுத்துவிட்டது. "மனுசனா நீரு? வீடே கருகுது, அங்கன என்ன கோட்டையா கட்டுதீரு?" இவர் திரும்பிப் பார்த்து, "என்னட்டி கருகுது?" என்று கேட்டாராம். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மூக்குக்குப் பிறகு மூச்சு. மழைக்காலம் வந்தால் படுக்க முடியாது, உட்கார்ந்தே விடியும். ஆஸ்பத்திரியில் டாக்டர், இந்த ஈரத்திலும் குளிரிலும் இருந்தால் நெஞ்சு தாங்காது, காய்ந்த இடமாகப் பார்த்துப் போ என்றார். பீர்மேட்டில் காய்ந்த இடத்துக்கு எங்கே போவது? அக்கா இன்னும் கொளுந்து பறிப்பதால் லயத்து வீடு இருக்கிறது. அதனால் அக்கா அங்கேயே இருக்க, அண்ணன் தனியாகக் கிழக்கே வந்தார். நான் அப்போதே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ரிசார்ட்டில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

வாங்கிக் கொடுத்தது ஒரு பொய்யைச் சொல்லி. இடுக்கில் ஆனை இறங்கும். வழிகாட்டிக்கு முதல் தகுதி மூக்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆனை நின்றால் கண்ணுக்குத் தெரியாது, வாடைதான் முதலில் வரும். மேனேஜர் ஜெகனிடம் நான் சொன்னேன்: "அண்ணனுக்கு அரை மைலுக்கு முன்னாடியே ஆனை வாடை தெரிஞ்சிரும்." அண்ணன் தலையைக் குனிந்து நின்றார். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதுதான் அவருக்கு முழுநேர வேலை. பொய் வெளியே வந்தால் மறுபடியும் பீர்மேட்டு ஈரம், மறுபடியும் உட்கார்ந்து விடிகிற இரவு.

முதல் மாதம் ஆள் வருவதற்கு முன்னால், விடிந்ததும் தனியாக இறங்கி இறங்கி ஏறினார். இருபத்தாறு வருடம் செடியைக் கொன்ற மனுஷன், செடியைப் படிக்க ஆரம்பித்தார். ஆனை போன வழியில் உசில மரத்துத் தோல் உரிந்திருக்கும். இப்போதுதான் உரித்தது என்றால் உள்ளே வெளுத்து ஈரமாக இருக்கும், நேரம் போகப் போகச் சிவக்கும். சதுரக்கள்ளியை உரசிக்கொண்டு போனால் பால் வடியும். பால் சொட்டினால் ஆனை பக்கத்தில், உறைந்திருந்தால் போய்விட்டது. கிளுவைக் கொம்பு ஒடிந்த இடம், நெரிந்த பிரண்டை, எல்லாமே அவருக்குக் கடிகாரம். இரண்டு தடவை கூட்டத்தைப் பாதி வழியில் திருப்பிக் கூட்டி வந்தார். இரண்டு தடவையும் கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து பார்த்தோம், ஆனை நின்றது. ஜெகன் அண்ணன் தோளில் தட்டி, "மூக்குன்னா இதுதாண்ணே மூக்கு" என்றான். நான் ஜீப்புக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

வருகிற ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஓடை தொடங்குகிற இடத்தில் ஆவாரை பூத்து நிற்கும், அதைக் கொத்தாக ஒடித்துத் தலையில் வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கீழே போட்டு மிதிப்பார்கள். கற்றாழை மடலில் ஆணியால் பேர் எழுதாதவன் கிடையாது. ஒரு மடலில் இரண்டு பேர், நடுவில் அம்பு குத்தின இதயம். வெள்வேல முள்ளில் சிப்ஸ் பாக்கெட் தொங்கும், பாறைக்குப் பின்னால் போனால் பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயப்பர் கிடக்கும். கள்ளி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நிற்கிறது, அதற்குத் தொப்பி மாட்டி, கண்ணாடி மாட்டி, கட்டிப்பிடிக்கப் போய்ப் பால் பட்டு எரிகிறது என்று அண்ணனைத் திட்டுவார்கள். அண்ணன் ஒரு சாக்கோடு பின்னால் வந்து எல்லாவற்றையும் பொறுக்குவார். எனக்கு அந்தச் சாக்கை ஜீப்பில் ஏற்றும்போதே வாந்தி வரும். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நடுவழியில் ஒரு வளைவு. பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் நாள் முழுக்க நிழல். அங்கேதான் கள்ளிமுளையான் கூட்டமாக நிற்கும். இலை கிடையாது. விரல் தடிமனில், நாலு பட்டை வைத்த சதைத் தண்டு, பாறை வெடிப்பிலிருந்து கொத்துக் கொத்தாக எழும்பி நிற்கும். தண்டை ஒடித்துத் தின்றால் தாகம் அடங்கும். அண்ணன் தினமும் ஒன்று தின்பார். "உப்பும் கசப்பும் நாக்குல தெரியுதுடா. அது போதும்" என்பார்.

போன வருடம் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது, அது பூக்கவில்லை. இந்த வருடம் ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை. அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் அண்ணன் இடுக்கிலிருந்து ஏறி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"டேய் சந்தனம், கள்ளிமுளையான் பூத்திருக்குடா! நுனியில கோலிக்குண்டு கணக்கா உருண்டையா. ஆட்டு ரத்தக் கலரு. இன்னைக்கு வாரவங்களை அங்கனதான் உக்கார வைக்கப் போறேன்."

அன்றைக்கு வந்தவர் ராஜசேகர். மூணாறில் டூர் ஏஜெண்ட். அவர் சரி என்றால் ரிசார்ட்டுக்கு வண்டி வண்டியாக ஆள் வரும். ஒரு கம்பெனி ஆட்கள் பதினொரு பேரைக் கூட்டி வந்திருந்தார். நான் பிரியாணிப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு கடைசியில் வந்தேன். பாதி வழியில் நான் கை மாற்ற முடியாமல் நின்றபோது, அண்ணன் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

வளைவுக்கு இருபது அடி இருக்கும்போதே எனக்கு மூக்கில் அடித்தது. அரிசி மூட்டைக்கு அடியில் எலி செத்து அஞ்சு நாள் ஆன மாதிரி. "அண்ணே, அங்கன வேண்டாம்!" என்று கத்தினேன். அதற்குள் அவர் நிழலில் விரிப்பை விரித்து, பூங்கொத்துக்குப் பக்கத்திலேயே பிரியாணி மூடியைத் திறந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. இந்த நெழலு வேற எங்கயும் கிடைக்காது. பூவைப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம்."

முதலில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். அடுத்தவள் பொத்துவதற்குள் வாந்தி வந்துவிட்டது. பூவில் மொய்த்திருந்த நீல ஈ அத்தனையும் எழும்பிப் பிரியாணியில் இறங்கியது. ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பிலேயே வாந்தி எடுத்தான். பக்கத்தில் இருந்தவன் அதைப் போனில் படம் எடுத்தான்.

"யோவ்!" ராஜசேகர் மூக்கைப் பிடித்துக்கொண்டே கத்தினார். "எதோ செத்துக் கெடக்கு, அதுக்குப் பக்கத்துல சோத்தைத் தொறக்குற? உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"எங்கங்க சார் செத்துக் கெடக்கு?" அண்ணன் பதறிப்போய்ப் பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணையும் காணலியே!"

கேலி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஓடிப்போய், "பூதான் சார் நாறுது. அண்ணன் தினமும் வாரவருல்ல, பழகிப்போச்சு" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் பூவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

துடைத்த டிஷ்யூவையெல்லாம் கள்ளிமுளையான் மேலேயே எறிந்துவிட்டுப் பதினொரு பேரும் ஏறினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஜெகன் எங்கள் இரண்டு பேரையும் சமையலறை ஸ்டோருக்குக் கூப்பிட்டான். அவனும் எங்கள் எஸ்டேட்டுப் பையன்தான், ஓட்டல் படிப்புப் படித்தவன். அவன் அம்மாவும் முத்துப்பேச்சி அக்காவும் ஒரே வரிசையில் கொளுந்து பறிக்கிறவர்கள்; ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பான். மேஜையில் இரண்டு கண்ணாடித் தம்ளர். இரண்டிலும் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

"அண்ணே, இதுல ஒண்ணு பன்னீர். எதுன்னு பாத்துச் சொல்லுங்க. வாசல்ல தெளிக்கணும்."

அண்ணன் முதல் தம்ளரை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்தார். நெஞ்சில் விசில் கேட்டது. இரண்டாவதையும் அப்படியே. பிறகு என்னைப் பார்த்தார். நான் எதைக் காட்டுவது? அவர் முதல் தம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டார்.

"குடிக்கச் சொல்லலண்ணே."

இரண்டாவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல குடிச்சதுதான் பன்னீரு" என்றார்.

"ரெண்டுமே பன்னீருதாண்ணே" என்றான் ஜெகன்.

அவன் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஒரு அறை விட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டான்: "பதினொரு பேரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க. வாடை தெரியாம ஆனைகிட்ட போய் நின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"கண்ணு இருக்கு, தம்பி. ரெண்டு வருசத்துல ஒரு தப்பு நடந்துச்சா?"

"நடந்தா ஒண்ணு போதும்ல."

அவன் சொன்னது தப்பில்லை. தப்பில்லாத வாயாலேயே அடுத்ததையும் சொன்னான்: "நான் மொதலாளிகிட்ட சொல்லல. நான் கெஞ்சினதுல ராஜசேகர் சார் இன்னொரு தடவை வர்றேன்னிருக்காரு. இருபது நாள்ல, முப்பது பேரோட. அதுக்குள்ள அந்த நாத்தம் புடிச்ச செடி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. நீங்க மருந்தடிச்ச கைதானே. முடிச்சுட்டா வேலையில இருங்க."

ஜீப்புக்கு வந்து உட்கார்ந்தோம். அண்ணன், "அந்த வாடை எப்படிடா இருக்கும்?" என்று கேட்டார். எலி, அரிசி மூட்டை என்று சொன்னேன். யோசித்துப் பார்த்தார். "அதுவே மறந்துபோச்சுடா" என்றார்.

"புடுங்கிப் போட்டா என்னண்ணே?"

"பாறைக்குள்ள வேரு. இழுத்தா ஒடியும், ஒடிஞ்ச எடத்துல ரெண்டா மொளைக்கும். மருந்துதான் கேக்கும்." துண்டை உதறினார். "மேல பீர்மேட்டுக்குப் போனா என் மூச்சு நிக்கும். இங்கன இருக்கணும்னா அது சாகணும். நீ என்ன சொல்ற?"

இரண்டு நாள் கழித்து மருந்துக் கேன்களை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவர் அடித்ததைப் பார்க்க வேண்டும். துண்டைக் கட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு சொட்டு வீணாகாமல், ஒரு தண்டு விடாமல். இவ்வளவு கேவலமான ஒரு வேலையை ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியும் என்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. கள்ளிமுளையான் முடிந்தது. கை நிற்கவில்லை. பழைய எஸ்டேட்டுக் கை. பாறையோரம் பிரண்டை, அதற்கப்புறம் கற்றாழை, அதற்கப்புறம் பேர் தெரியாத பூண்டு என்று இரண்டு பக்கமும் வரிசை பிடித்துப் போய்க்கொண்டே இருக்கிறார், மண் வெறுமையாகத் தெரிகிற வரைக்கும் நிற்காது போல.

"அண்ணே! போதும்! அதெல்லாம் நாறாத செடிண்ணே!"

பம்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். துண்டுக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எனக்கெப்படிடா தெரியும்?" என்றார்.

தேயிலைக் காட்டில் மருந்தடித்த புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். அங்கே பழகிய கணக்கு இங்கே செல்லவில்லை. இடுக்கில் இருப்பதெல்லாம் உடம்புக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிற சாதி. காயாது, அழுகும். பத்தாம் நாள் கள்ளிமுளையான் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஆகி, சரிந்து படுத்தது. கற்றாழை மடல் உப்பி வெடித்துச் சளி மாதிரி ஒழுகியது. பேர் எழுதியிருந்த மடலில் இருந்து முதலில் ஒழுகியது, இதயத்துக்குள்ளே புழு நெளிந்தது. பூ நாறினது ஈயை ஏமாற்றுகிற நாற்றம். இது நிஜ நாற்றம். வளைவைத் தாண்ட முடியாது. அண்ணன் தினமும் அதற்குள் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் படுத்துருச்சு, சுத்தமாயிரும்" என்பார். மருந்தடித்த நாளிலிருந்து இருமல் திரும்ப வந்திருந்தது. ஆள் வருவதற்குள் காய்ந்துவிடும், அதுவரை அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஆளில்லாத நேரத்தில் பயந்து ஓடிவிடப் போகிறார் என்று ஜெகன் என்னை அடக்கி வைத்திருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்தவனைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை.

இருபதாம் நாள் முப்பது பேர் வந்து இறங்கினார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். என்னைத் தனியாக இழுத்து, "வாடை போயிருச்சாடா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "கூடிருக்குண்ணே. இப்ப நெசமாவே அழுகுது. ஒருத்தரும் தாண்ட மாட்டாங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு ஜெகன் பக்கமே பார்க்காமல், அந்த முப்பது பேருக்கு முன்னால் போய் நின்று சொன்னார்:

"நடுவழியில ரொம்ப நாறும்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு கிடையாது. ஆனை வாடையும் தெரியாது, ஒடிஞ்ச செடியைப் பாத்துத்தான் கூட்டிக்கிட்டுப் போவேன். இதுவரைக்கும் ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் இல்ல. சம்மதம்னா வாங்க."

ராஜசேகர் முதலில் சிரித்தார். "மூக்கில்லாத ஆளையா வழிகாட்டியா வச்சிருக்கீங்க? நல்லா இருக்கு!" அப்புறம் ஜெகனைப் பார்த்தார், அப்போது சிரிப்பு இல்லை. முப்பது பேரும் வண்டியில் ஏறினார்கள். ஒருத்தி மட்டும் ஜன்னல் வழியாக அண்ணனைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் பையைக் கட்டினார். ஜெகன் அவரிடம் பேசவில்லை, என்னிடம், "உங்களையும் சேத்து அனுப்பணும், ஜீப்புக்கு வேற ஆள் இல்ல" என்றான். நானும் போகவில்லை. ஜீப்பில்தான் இருக்கிறேன்.

அவர் பீர்மேட்டில் ஒன்பது நாள்தான் இருந்தார். ஆறு நாள் மழை. ஒன்பதாம் நாள் யாரோ சொன்ன போன் நம்பரை வைத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார் என்று அக்கா சொன்னது. மூன்று மாதம் கழித்து அக்கா கொடுத்த மாத்திரையும் சட்டையும் எடுத்துக்கொண்டு நான் போனேன்.

பெருமாட்டிக்குக் கிழக்கே, தென்னந்தோப்பு முடிந்து வெறும் கரிசல் பொட்டலில், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. கடை கடையாக வாரி வருகிற கோழிக் கழிவை வேகவைத்துத் தூளாக்குகிற இடம். ஒரு மைலுக்கு முன்னாலேயே ஜீப்புக் கண்ணாடியை ஏற்றினேன். கேட்டில் இறங்கியதும் குனிந்துவிட்டேன். அங்கே ஆட்களை வேலை வாங்குகிற ரத்தினசாமி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய பெரிய மனுஷன், தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"மொத நாளு எல்லாருக்கும் அப்படித்தானுங்க. கழுவிட்டு வாங்க."

குடலும் இறகும் குவித்த தள்ளுவண்டியை அண்ணன் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். மூக்கில் துண்டுகூட இல்லை. என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். நிஜமாகவே ஓடி வந்தார், இரைப்பு இல்லை.

"பாத்தியாடா, மூச்சு! காஞ்ச காத்துடா இங்க. மல்லாந்து படுத்துத் தூங்குறேன்."

"எப்படிண்ணே இதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் கையில் காய்ந்த ரத்தம், முழங்கை வரை ஒட்டின இறகு. அதோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் இருமல் எப்படி, லயத்தில் கூரை ஒழுகுகிறதா என்றெல்லாம் விசாரித்தார். நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பதில் சொன்னேன். சங்கு ஊதியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ரத்தினசாமி கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஏனுங்க, இங்க ஆளு வந்தா ரெண்டு நாளு நிக்க மாட்டேங்கறானுங்க. சோறு எறங்கறதில்லீங்கறான், சொல்லாமக் கொள்ளாம ஊட்டுக்கு ஓடிப்போயர்றான். உங்க ஆளு தங்கமுங்க. சாப்பாட்டுப் போசியை வண்டிக்குப் பக்கத்துல வெச்சே சாப்படறாருங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க மலையில இந்த மாதிரி மூக்கு வேல செய்யாத ஆளு இன்னும் இருக்காங்களாங்க?"

அவர் முகத்தில் கேலி இல்லை. ஆள் பற்றாக்குறையில் கேட்டார். நான் மனசுக்குள் அந்த மருந்துக் கூட்டத்தைப் பேர் பேராக எண்ணினேன். அண்ணன் போகப் பதினொரு பேர், அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

"இருக்காங்கய்யா" என்றேன். "ஒம்பது பேரு."

பேரும் போன் நம்பரும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையிலேயே எழுதிக்கொண்டார்.